பந்தயக் காரின் வில்லமைப்பும் எண்பது பக்கக் கொப்பியும்

குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதையில் ஒரு வாகனம் ஏறுகிற கணத்தைக் கூர்ந்து நோக்குகிறவன், மோட்டார்ப் பொறியியலின் தலையாய பாடமொன்றைக் காசு செலவின்றிக் கற்றுக்கொள்கிறான். பாதை என்னும் சொல் வேறிடங்களில் வழியைக் குறிக்க, எங்கள் வாவிக்கரைகளில் அது மனிதரையும் வாகனங்களையும் சுமந்து நீரைக் கடக்கும் மிதவைக்கே பெயராக வழங்குகிறது. முன்சில்லுகள் அதன் பலகையில் பட்டவுடன் அந்த விளிம்பு நீரை நோக்கித் தாழ்கிறது. வாகனம் நடுவுக்கு வரவர மிதவை நிமிர்கிறது. ஓட்டுபவர் சற்றே முரட்டுத்தனமாகப் பிரேக்கை மிதித்துவிட்டாலோ, வாகனத்தின் மூக்கு குனிந்து எழுகிறது. ஓடுகின்ற பொருளின் சுமை ஓரிடத்தில் நிலைத்து நில்லாது என்பதும், திரும்பும்போதும் நிற்கும்போதும் அது இடம்பெயர்ந்தே தீரும் என்பதும், அவ்வாறு பெயரும் சுமையை ஏற்றுக்கொள்ளும் விதமே பயணத்தின் க்ஷேமத்தைத் தீர்மானிக்கிறது என்பதும் அவ்வொரு காட்சியிலேயே பிரத்தியட்சமாகிவிடுகின்றன.

இப்பாதையில் ஒருநாள் என்னுடன் வந்த என் தமக்கையின் மகன், பைக்குள்ளிருந்து எண்பது பக்கக் கொப்பியொன்றை எடுத்து, “மாமா, இதை ஒருக்காப் பாருங்க, பிழை இருந்தாச் சொல்லுங்க” என்று என் கையிலே தந்தான். பழைய நிசான் மார்ச் கார் ஒன்றைத் தொழில்முறை சாராத ஆர்வலருக்கான ஆட்டோகிராஸ் போட்டிக்கு ஏற்றதாக்க விரும்பிய அவன், அதன் வில்லமைப்பில், அதாவது கராஜ்களில் சஸ்பென்ஷன் என்று சொல்லப்படுகிற பகுதியில், என்னென்ன மாற்றங்களை எந்த வரிசையில் செய்வது என்று அதிலே வகுத்திருந்தான். முதற்பக்கத்தில் காரை எவ்வளவு தாழ்த்துவது என்ற கணக்கும், அதன்பின் கடினமான ஸ்பிரிங்கும், அதன்பின் சொக் அப்சோபரும், கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு வரியாக டயரும் இடம்பெற்றிருந்தன. வாசித்து முடித்தபோது மகிழ்ச்சியும் கவலையும் ஒருசேர எனக்கு உண்டாயின. வாங்குவதற்கு முன் எழுதிப்பார்க்கும் விவேகம் அவனிடம் இருந்தது மகிழ்ச்சி தந்தது. நிலத்திலிருந்து மேல்நோக்கிப் போட வேண்டிய திட்டத்தை அவன் மேலிருந்து நிலத்தை நோக்கிப் போட்டிருந்தது கவலை தந்தது. அவனுடைய கொப்பி அவன் ஒருவனுக்கே உரியதன்று. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆர்வலர் இதே வரிசையில் திட்டமிடுகின்றனர். ஆதலால் இந்த வழக்கத்தின் குணத்தையும் குற்றத்தையும் சற்று நிதானமாக நிறுத்துப் பார்ப்பது பிரயோசனமுடையதாகும்.

ஆட்டோகிராஸ் என்பது பெயரால் ஒன்றாயினும் நாட்டுக்கு நாடு வேறுபடும் விளையாட்டு. பிரித்தானியரிடையே அது புல்வெளியிலும் மண்திடலிலும் நடைபெறுவது; அமெரிக்கரிடையே அகன்ற தார்த்தளமொன்றில் கூம்புகளை நிறுத்தி, அவற்றினிடையே ஒவ்வொரு காராகத் தனித்து வளைந்தோடிக் கடிகாரத்தோடு போட்டியிடுவது. 1944 இல் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் இவ்வகைப் போட்டிக்கு 1973 முதல் தேசிய மட்டத்தில் களம் அமைத்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையாகிய சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களும், பின்னர் கோயம்புத்தூரில் கரிவர்தன் போன்றோர் மாருதி இயந்திரத்தை வைத்துக் குறைந்த செலவிற் பந்தயக் கார் அமைத்த முயற்சியும், சாமானியனும் இத்துறையிற் புகலாம் என்னும் நம்பிக்கையை ஊட்டின. இலங்கையிலோ 1934 இல் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் தொடங்கிய மலையேற்றப் போட்டி தார் வீதியில் நடைபெறுவது. தியத்தலாவையின் பொக்ஸ்ஹில், அநுராதபுரத்துச் சாலியபுரத்தின் கஜபா முதலிய சுப்பர்கிராஸ் பந்தயங்கள் மண்ணிலும் சரளையிலும் நடைபெறுவன. வாவியின் மேற்குக் கரையாகிய எங்கள் படுவான்கரையிலே இதற்கெனத் திடல் ஏதும் இல்லாமையால், இங்குள்ள ஆர்வலன் செங்கலடியிற் பிரியும் பதுளை வீதி வழியாக மலைநாட்டுக்கு ஏறியே தன் ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, திட்டமிடும் வழக்கத்தின் குணங்களை முதலிற் சொல்லுவேன்.

தலையாய குணம், அது ஆசைக்குக் கடிவாளம் இடுகிறது என்பதாகும். இலங்கையில் 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டமையால், பழைய காரும் பொன்னின் விலைக்கு விற்கிற காலம் வந்தது. இந்நிலையில் ஒரு தவறான ஸ்பிரிங் சோடியை வாங்கி எறிவது ஒரு நடுத்தரக் குடும்பத்தானுக்குச் சின்ன இழப்பன்று. காகிதத்திற் செய்யும் பிழையை அழிப்பான் தீர்த்துவைக்கும். கராஜிற் செய்யும் பிழைக்குப் பணப்பையே பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது குணம், போட்டி விதிகளை முன்கூட்டியே ஊன்றி வாசிக்கும் அவசியத்தை அது உண்டாக்குகிறது என்பதாகும். அமெரிக்கப் போட்டிகளின் தொடக்கநிலை வகுப்பில் சொக் அப்சோபரை மாற்றலாம், முன்புறத்திலோ பின்புறத்திலோ ஒரு சாய்வுத்தடுப்புத் தண்டை மாற்றலாம், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றக்கூடாது என்று விதி வகுத்திருப்பது, எது மலிவாகப் பெரும்பயன் தரும், எது செலவுப் போட்டியில் ஆளை ஆழ்த்தும் என்பதை அநுபவத்தால் அறிந்தோர் இட்ட வரம்பேயாகும்.

மூன்றாவது குணமே எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது: அது நுகர்வோனை மாணாக்கனாக்குகிறது. கொலின் சப்மன் என்னும் ஆங்கிலேய இளைஞர் 1948 இல் ஒரு பழைய ஒஸ்டின் செவன் காரைப் பிரித்து மாற்றியமைத்தே லோட்டஸ் வரிசையின் முதல் வாகனத்தை உண்டாக்கினார். பிற்காலத்தில் மென்மையான ஸ்பிரிங்கும் தேர்ந்த தணிப்பும் சேர்ந்தால் கார் நிலத்தைப் பற்றி ஓடும் என்று உலகுக்குக் காட்டிய அந்த மேதை, தொடங்கியபோது வெறும் ஆர்வலரே. 1959 இல் வெளிவந்த மினி காருக்கு அலெக்ஸ் மோல்டன் உருக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர்க் கூம்பை வில்லாக அமைத்துக் கொடுத்ததும், வில் என்றால் உருக்குச் சுருளே என்னும் பிரமையிலிருந்து விடுபட்ட சிந்தனையின் பயனாகும். 1876 இல் எனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டிய கன்றுகளால் ரப்பரை அறிந்த நம் தீவினர், இச்செய்தியைச் சற்று உரிமையோடு நினைக்கலாம்.

திட்டத்தின் உயிர்நிலையாகிய கணக்குக்கு இப்போது வருவோம். ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் கார், தட்டிவிட்டால் தனக்கே இயல்பான ஒரு மீடிறனில் மேலும் கீழும் அசையும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947 இல் வெளியான யாழ் நூலில் நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணிதத்தால் ஆராய்ந்து பண்டைய சுரங்களை மீட்டெடுத்தார். நரம்புக்கு எதுவோ அதுவே ஸ்பிரிங்குக்கும் என்பதை அறிந்தால், எங்கள் மாகாணத்தவனுக்கு இக்கணக்கு அந்நியமாகத் தோன்றாது. காரின் எடையால் வில் சில்லின் இடத்தில் 25 சென்ரிமீற்றர் அமுங்கினால், கார் செக்கனுக்கு ஏறத்தாழ ஒருமுறை அசையும். 6 சென்ரிமீற்றரளவே அமுங்கினால் இருமுறை அசையும். சாதாரணக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிற்பன. தார்த்தளத்துப் பந்தயக் கார்கள் இரண்டை அணுகுவன அல்லது தாண்டுவன. மீடிறனை இரட்டிப்பாக்க வேண்டுமாயின் வில்லின் கடினத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்னும் உண்மையை அறியாதவன், கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கிலிருந்து அற்புதத்தை எதிர்பார்த்து ஏமாறுவான்.

இன்னும் சில சூட்சுமங்கள் உள. ஸ்பிரிங் சில்லுக்கு நேரே நில்லாமல், சில்லின் அசைவில் பத்தில் ஏழு பங்கே அசையும் இடத்தில் அமைந்திருந்தால், அதன் கடினத்தில் ஏறத்தாழப் பாதியே சில்லுக்குப் போய்ச் சேரும். அந்த விகிதத்தின் வர்க்கமே அங்கு ஆட்சி செய்கிறது. சாய்வுத்தடுப்புத் தண்டின் விட்டம் 20 மில்லிமீற்றரிலிருந்து 22 ஆகுமாயின் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆயினும் விட்டத்தின் நான்காம் அடுக்கால் வளருகிற அதன் கடினம் 46 சதவீதம் உயர்ந்துவிடும். எட்டுச் சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அரிந்தெடுத்தால், கார் தாழ்வதோடு நில்லாமல் எஞ்சிய ஏழு சுற்றும் 14 சதவீதம் கடினமாகிவிடும். இவற்றையெல்லாம் கணித்து வைத்திருந்த என் மருமகனின் சிரத்தையை நான் மனமாரப் பாராட்டினேன்.

ஆயினும், கணக்குச் சரியாயிருந்தும் திட்டம் பிழைபடக்கூடும் என்பதே இக்கட்டுரையின் விஷயம். இனிக் குற்றங்களைக் கூறுவேன்.

முதற்குற்றம், காரைத் தாழ்த்துவதையே தலையாய சாதனையாகக் கொள்ளும் மயக்கம். தாழ்ந்த கார் அழகாயிருக்கிறது என்பதில் எனக்குத் தர்க்கமில்லை. ஆனால், 800 கிலோ எடையும், தரையிலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும், இடவலச் சில்லுகளிடையே 135 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எடையில் பத்தில் ஆறு பங்கு விசையோடு அது மண்திடலில் வளையும்போது, உட்புறச் சில்லுகளிலிருந்து வெளிப்புறச் சில்லுகளுக்கு ஏறத்தாழ 178 கிலோ சுமை பெயரும். மையத்தை 3 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் அது 167 கிலோவாகும். பதினொரு கிலோ இலாபத்துக்காக, வில் அமுங்குவதற்கு இருந்த இடத்திலே 3 சென்ரிமீற்றரை விலையாகக் கொடுக்கிறோம். பள்ளம் வந்ததும் வில் முடிந்து ரப்பர்த் தடுப்பில் முட்ட, அக்கணமே அந்தச் சில்லு வில்லே இல்லாத சில்லாகி நிலத்தைக் கைவிடுகிறது. போதாக்குறைக்கு, மார்ச் போன்ற கார்களின் முன்புறத்திலுள்ள மக்பேர்சன் அமைப்பில், காரைத் தாழ்த்தும்போது கீழ்க்கைகள் வெளிநுனி மேல்நோக்கிச் சாய்ந்து, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி மையத்தைவிட அதிகமாகத் தாழ்ந்துவிடுகிறது. சாய்வைக் குறைக்கவென்று செய்த காரியம் சாய்வதற்கான நெம்புகோலை நீட்டிவிடும் விபரீதம் இவ்வாறு நேர்கிறது.

இரண்டாவது குற்றம் முன்னதன் தத்துவப் பிழையிலிருந்து பிறப்பது. கடினமான ஸ்பிரிங் பெயரும் சுமையைக் குறைக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். கார் சாயும் கோணத்தைத்தான் அது குறைக்கும். பெயரும் சுமையின் மொத்தத்தை எடையும் உயரமும் அகலமும் திருப்பத்தின் வேகமுமே நிர்ணயிக்கும். ஸ்பிரிங்குக்கும் தண்டுக்கும் உள்ள அதிகாரம், அந்த மொத்தத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் எந்த விகிதத்தில் பங்கிடுவது என்பதிலேயே அடங்கும். டயரின் மேல் சுமை இரட்டித்தாலும் அதன் பிடிப்பு இரட்டிப்பதில்லை. ஆகையால் எந்த அச்சு பெயர்ச்சியை அதிகம் ஏற்கிறதோ அந்த அச்சு பிடிப்பை இழக்கும். முன்சில்லால் இழுபடும் கார் வளைவில் நேரே போக விழைவதற்குப் பரிகாரமாக, அறிந்தோர் பின்புறத்தை ஓரளவு கடினமாக்குவது இதனாலேயே. இந்தப் பங்கீட்டை உணராமல் நான்கு மூலையையும் ஒருசேரக் கடினமாக்குகிறவன், பணம் செலவழித்தும் கார் பழைய குணத்திலேயே முரண்டு பிடிப்பதைக் காண்பான்.

மூன்றாவது குற்றம், ஓரிடத்து எண்ணை வேறிடத்துக்குக் கொண்டுவருதல். தார்த்தளத்திற் கூம்புகளிடையே ஓடி வென்றவர் வெளியிட்ட ஸ்பிரிங் அளவை, குழியும் சரளையுமான மண்திடலுக்குப் பிரதி செய்தல் அறிவுடைமையாகாது. மண்ணிலே மென்மையும், நீண்ட அசைவும், தேர்ந்த தணிப்புமே காப்பன. மொரிஸ் ஒல்லி என்னும் பொறியியலாளர் 1930களில் அமெரிக்காவிலே ஆராய்ந்து, பின்புறத்தின் மீடிறன் முன்புறத்தினும் சற்று உயர்ந்திருந்தால் பள்ளத்தைத் தாண்டிய கார் முன்பின்னாக ஊசலாடாமல் விரைவில் அடங்கும் என்று கண்டார். அது அவர் ஆராய்ந்த பயணிகள் காருக்கும் அதன் வேகத்துக்கும் உரிய முடிவு. எண்ணோடு அது பிறந்த நிலத்தையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இது உதாரணம். எங்கள் பகுதியின் வயலுடையோராகிய போடியார்கள் வயலிலே இறங்கி, மண்ணின் ஈரத்தைக் காலால் மிதித்துப் பார்த்த பின்பே உழவுக்கு ஆள் சொல்லுவர். அடுத்த ஊர் வயல் உழுதாகிவிட்டது என்பது அவர்களுக்கு ஒரு நியாயமாகத் தோன்றியதில்லை.

நான்காவது குற்றம், தேய்ந்த காரின்மேல் புதிய கணக்கைக் கட்டுதல். முப்பதாண்டை நெருங்கிய காரின் ரப்பர் புஷ்கள் பிளந்தும், சொக் அப்சோபர்கள் எண்ணெய் கசிந்தும், பந்துமூட்டுகள் ஆடியும் இருக்கையில், சில்லின் சாய்வைப் பாகையின் பின்னத்தில் நிர்ணயிப்பது பரிகாசத்துக்குரியது. கராஜ் மேடையில் வைத்த கோணம் முதல் வளைவிலேயே மாறிப்போகும். தணிப்பானை, அதாவது சொக் அப்சோபரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது சுமையைத் தாங்குவதில்லை. சுமை எவ்வளவு விரைவில் பெயர்கிறது என்பதையே ஆளுகிறது. ஆட்டோகிராஸிலோ காரோட்டி இடமும் வலமும் மாறிமாறித் திருப்பிக்கொண்டேயிருப்பதால், சுமை ஒரு பக்கத்தில் அமர்ந்து நிலைபெறுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஆகவே இவ்விளையாட்டில் நல்ல தணிப்பானின் பயன் ஸ்பிரிங்கின் பயனைக் காட்டிலும் பெரிதாயிருக்க, ஆர்வலரின் திட்டங்களில் அது பெரும்பாலும் ஸ்பிரிங்குக்குத் துணைப்பொருளாகவே எழுதப்படுகிறது.

ஐந்தாவது குற்றம், ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றிவிடும் அவசரம். ஸ்பிரிங்கும் தண்டும் சில்லுக் கோணமும் ஒன்றாக மாறியபின் கார் இரண்டு செக்கன் விரைவாக ஓடினாலும், எது உதவியது, எது தடுத்தது என்று எவராலும் சொல்லவியலாது. இதனோடு, காரோட்டியின் குறையைக் காரின்மேல் ஏற்றிவிடும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வளைவுக்குள் அளவுமீறிய வேகத்தோடு புகுந்து, முன்சில்லு வழுக்குகிறது என்று புலம்புகிறவனுக்குத் தேவைப்படுவது புதிய தண்டன்று; முன்னதாக மிதிக்கும் பிரேக்கே. இன்னுமொன்று: இத்தகைய கார்களிற் பல, போட்டி முடிந்த மறுநாளே குடும்பத்தைச் சுமந்து கிறவல் வீதியில் ஓட வேண்டியவை. திடலிலே தகுந்த கடினம், மாரிமழை அரித்த வீதியில் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் தண்டனையாகும். ஒரு குடும்பத்தின் வாகனத்தை ஒருவனுடைய நேரத்துக்காக மாற்றுவதன் நியாயத்தைத் திட்டம் எழுதுகிறவன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசிக் குற்றம் எழுதக் கசப்பானது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடைபெற்ற பந்தயத்தில், தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளரிடையே பாய்ந்து எழுவரின் உயிரைக் கொண்டது. மாண்டவருள் ஒரு சிறுமியும் இருந்தாள். அவ்விபத்தின் காரணத்தை இங்கே ஆராய நான் புகவில்லை. எந்தக் காரின் வில்லமைப்பையும் அதற்குப் பொறுப்பாக்கவும் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவே: ஆர்வலரின் கொப்பிகளில் கார் எவ்வாறு வேகமாக வளையும் என்பதற்குப் பல பக்கங்கள் இருக்கின்றன, பிடிப்பை இழக்கும் கணத்தில் அது எச்சரிக்கையோடு மெல்ல வழுக்குமா, திடீரென்று சுழன்று போகுமா என்பதற்கு ஒரு பக்கமும் இருப்பதில்லை. பின்புறத்தை வரம்புமீறிக் கடினமாக்கிய கார் இரண்டாவது வகையைச் சார்ந்தது. கடிகாரம் இந்த வேற்றுமையைப் பதிவுசெய்வதில்லை என்பதற்காகத் திட்டமும் அதை மறந்துவிடலாகாது.

குணத்தையும் குற்றத்தையும் தட்டில் இட்டுப் பார்க்கையில் என் அபிப்பிராயம் தெளிவானதே. திட்டமிடும் வழக்கம் காக்கத்தக்கது. அதன் வரிசை தலைகீழாக்கத்தக்கது. நிலத்தைத் தொடுவது டயர் ஒன்றே ஆதலால், அதுவும் அதன் காற்றமுக்கமும் முதற்பக்கத்துக்கு உரியவை. அடுத்து, தேய்ந்ததைப் புதுப்பித்துக் காரை அதன் பிறந்த நிலைக்கு மீட்டல்; அடுத்து, சில்லுகளின் சாய்வையும் திசையையும் செப்பமிடல்; அடுத்து, தணிப்பான். இவ்வளவும் முடிந்து, அதே காரை அதே தடத்தில் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் நேரத்தோடு பதிந்த பின்பும் குறை எஞ்சுமாயின், அப்போதே தண்டையும் ஸ்பிரிங்கையும் தொடலாம். காரைத் தாழ்த்துவது, வில் அசைவதற்கு இடம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து அறிந்தவனுக்கு மட்டும் உரிய கடைசி வரியாகும்.

இவற்றை நான் சொல்லி முடிப்பதற்குள் பாதை மண்டூர்த் துறையை அடைந்துவிட்டது. மருமகன் மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். சில வாரங்களுக்குப் பின் அதை நான் மறுபடியும் பார்க்க நேர்ந்தது. பழைய முதற்பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. புதிய முதற்பக்கத்தில் நான்கு டயர்களின் காற்றமுக்கமும், மாற்றவேண்டிய இரண்டு ரப்பர் புஷ்களின் அளவும், திகதியும் எழுதப்பட்டிருந்தன. ஸ்பிரிங்கை அவன் இன்னும் வாங்கவில்லை.